பூட்டிய வீட்டில் விளக்கு

நூம்பல்,
19 ஜனவரி 2025

அன்புள்ள கோகுல்,

கவர்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். என் நம்பரை நீ பிளாக் பண்ணி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அப்பா இருந்தபோது மஸ்கட்டிலிருந்து நீ அனுப்பிய பேரீச்சம்பழ அட்டைப்பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. அதன்மேல்தான் உன் கம்பெனியின் தபால் பெட்டி எண்ணைக் கண்டுபிடித்தேன். பார், உன் அக்கா எப்பேர்ப்பட்ட சிஐடி!

சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன். கிரகப்பிரவேசத்தன்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு, என் புருஷன் ஸ்ரீநாத்தின் ஆபீஸ்காரர்கள் காதில் விழ, "இன்னாக்கா இது, ஊடா புறாக்கூண்டா? இதுக்கா இருவது வருசம் டியூ கட்டப் போற?" என்று நீ கேட்டது தப்பு. இலையில் சோறு இருக்கும்போதே எழுந்து போடா என்று நான் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அம்மா இருந்திருந்தால் எனக்கு அகப்பையால் ஒன்று கிடைத்திருக்கும்.

இப்போது விஷயம். எங்கள் சி பிளாக் மூன்றாம் மாடியில், எங்களுக்குப் பக்கத்து வீடு விலைக்கு வருகிறது. சொந்தக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார், இனி வரப்போவதில்லையாம். கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. உன் வேலை இந்த வருஷத்தோடு முடிகிறது என்று பட்டாபிராமில் உன் சிநேகிதன் பூபாலன் சொன்னான். பதினேழு வருஷம் அந்த வெயிலில் குப்பை கொட்டியது போதாதா? கல்யாணமும் வேண்டாம் என்று நின்றுவிட்டாய். நாளைக்குக் காய்ச்சல் என்று படுத்தால் ஒரு டம்ளர் கஞ்சி வைத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டாமா?

தண்ணீர் நல்ல தண்ணீர். ஜன்னலைத் திறந்தால் காற்று ஃபேனே வேண்டாம் என்கிறது. சுற்றிலும் நம் ஆட்கள்தான். ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் நமக்குப் பின்வரிசையில் இருந்த ஜம்புலிங்கம் மாமா இங்கே அசோசியேஷன் செயலாளர். உன்னை விசாரித்தார். அவர்தான் முதலில் சொன்னார், "வெளியாளுக்கு ஏம்மா, உன் தம்பியக் கூப்பிடு" என்று.

யோசித்து எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா,
ஷர்மிளா


மஸ்கட்,
11 பிப்ரவரி 2025

அக்கா,

கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். என் அறைக்கூட்டாளி யூசுப் விடவில்லை. "அக்கா எழுதின லெட்டரக் கிழிக்கிற கையி வெளங்குமா மச்சான்?" என்று பிடுங்கி வைத்துக்கொண்டான். அவனும் பூந்தமல்லிக்காரன்தான். மனைவி சபீனாவும் இரண்டு பெண்களும் அங்கே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பத்து வருஷமாக ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிறோம். எனக்கு வேண்டாத நல்ல புத்தியெல்லாம் சொல்லுவான்.

பந்தியில் பேசியது தப்புதான். ஆனால் புறாக்கூண்டு என்றதை வாபஸ் வாங்க மாட்டேன்.

வீடு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது உனக்குத் தெரியும். என்னிடம் இருப்பது இந்தப் பதினேழு வருஷம் சேர்த்தது மட்டும்தான். அது போனால் திரும்பச் சம்பாதிக்க வயசு இல்லை. அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேலப்பன்சாவடி பக்கம் புதுக் கட்டடங்கள் பாதி காலியாகக் கிடக்கின்றன, வாங்கின விலைக்கே கேட்க ஆளில்லை என்று யூசுப்பின் மைத்துனன் சொல்கிறானாம். ஐடி கம்பெனிகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், டியூ கட்ட முடியாமல் விற்கிறார்கள் என்கிறான். உண்மையா? ஸ்ரீநாத்தின் வேலை எப்படி இருக்கிறது?

யூசுப் ஒரு கணக்கு வைத்திருக்கிறான். "ஊடு வாங்கப் போறவன் ஊட்டப் பாக்கக் கூடாது மச்சான். குப்பத்தொட்டியப் பாக்கணும். குப்ப இல்லன்னா ஆள் இல்லன்னு அர்த்தம். காலைல போயி கதவுக்குக் கதவு பால் பை தொங்குதான்னு பாரு" என்கிறான். நீயே ஒரு நாள் காலையில் பார்த்து எழுது.

போன் வேண்டாம். போனில் நீ ஆரம்பித்தால் மூன்றாவது நிமிஷம் சண்டை. கடிதத்தில்தான் என்னையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விடுகிறாய்.

கோகுல்


நூம்பல்,
2 மார்ச் 2025

அன்புள்ள தம்பி,

நீ எழுதினாய் என்பதே எனக்குப் பொங்கல் வந்த மாதிரி. யூசுப்புக்கு என் சலாம் சொல்லு.

விலை இறங்குகிறதாம்! தங்கம்கூடத்தான் காலையில் இறங்கிச் சாயங்காலம் ஏறுகிறது, அதற்காகத் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறோமா? கஷ்டப்படுகிறவன் எங்கும் இருப்பான். எங்கள் வைகறை என்க்ளேவில் அந்தப் பேச்சே கிடையாது. கேட்டுக்குப் பக்கத்துப் பிள்ளையார் முன்னால் சூடம் அணைத்து எல்லோரும் சத்தியம் பண்ணியிருக்கிறோம், சதுர அடி ஆறாயிரத்துக்குக் கீழே யாரும் விற்பதில்லை என்று. 'வீடு விற்பனைக்கு' என்று போர்டு மாட்டக் கூடாது. புரோக்கரைக் கூப்பிடக் கூடாது. விற்கிறவர்கள் தங்கள் சொந்தத்திலோ சிநேகத்திலோ ஆள் பார்க்க வேண்டும். எல்லாம் ஜம்புலிங்கம் மாமா போட்ட ஏற்பாடு. ஃபாக்டரியில் யூனியன் நடத்தினவர் அல்லவா? ஒரு குடும்பம் மாதிரி இருக்கிறோம்.

ஸ்ரீநாத் நன்றாக இருக்கிறார். வீட்டிலிருந்தே வேலை. நாள் முழுக்கக் கண்ணெதிரே இருக்கிறார் என்பதுதான் கஷ்டம்!

பால் பை கேட்டாய். இப்போது யார் பால் பை மாட்டுகிறார்கள்? எல்லாம் போனில் தட்டினால் வருகிறது. நீ இன்னும் குவார்ட்டர்ஸ் காலத்திலேயே இருக்கிறாய்.

ஏப்ரலில் லீவு என்று பூபாலன் சொன்னான். வந்து உன் கண்ணால் பார். சாயங்காலமாக வா. விளக்குப் போட்ட பிறகு பார்த்தால் நன்றாக இருக்கும் என்று மாமா சொல்கிறார். எனக்கும் சாயங்காலம்தான் ஓட்டமாக இருக்கும், சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கி... அது கிடக்கட்டும், அசோசியேஷன் வேலை. வந்தால் பேசிக்கொள்ளலாம்.

மெஸேஜ் எதுவும் அனுப்பாதே. இங்கே ஒருவர் போனை ஒருவர் எடுத்துப் பார்க்கிற வழக்கம் இருக்கிறது. யாரோ தன் தங்கைக்கு அனுப்பியதைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டு, பெரிய ரகளையாகிவிட்டது. கடிதம்தான் நல்லது.

ஷர்மிளா


மஸ்கட்,
4 மே 2025

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளியோதரையில் பாதிக்குமேல் யூசுப் தின்றுவிட்டான்.

சொன்னால் சிரிப்பாய். விமானம் கிளம்பியதும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் கேட்டுக்குள் நுழைந்தபோது நாலு பக்கமும் விளக்கு. பால்கனிக்குப் பால்கனி துணி காய்ந்துகொண்டிருந்தது. ஃபாக்டரி சங்கு ஊதி அப்பாக்கள் சைக்கிளில் திரும்பி வருகிற நேரத்தில் நம் குவார்ட்டர்ஸ் தெரு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வாட்ச்மேன் துலுக்கானம் நான் கேட்காமலே சொன்னான், "ஃபுல்லா கீது சார், ஒரு ஊடுகூட காலி இல்ல" என்று. சொல்லிவிட்டு ஏனோ என் முகத்தைப் பார்க்காமல் ஜம்புலிங்கம் மாமாவைப் பார்த்தான்.

வழியில் நிறைய வீட்டுக் கதவுகளில் ஒரே மாதிரி பெரிய முருகன் படம் ஒட்டியிருந்தது. மாமாவிடம் கேட்டேன். "பக்தியான ஜனம்பா நம்ம ஜனம்" என்றார். நல்ல ஆட்களுக்கு நடுவில்தான் இருக்கப்போகிறேன் என்று திருப்தியாக இருந்தது.

அப்புறம் அந்தப் போர்வை! மாடிக் கோடியில் நெய்வேலிக்காரர் வீடு என்று நீ காட்டினாயே, அந்தப் பால்கனியில் நம் நீலக்கட்டம் போட்ட போர்வை தொங்கியதைப் பார்த்தேன். நான் இஸ்திரிப்பெட்டியை வைத்துப் பொசுக்கினதும், அம்மா சிவப்புத் துணியை வைத்து ஒட்டுப் போட்டதும் தூரத்திலிருந்தே தெரிந்தது. எனக்காகத்தானே தொங்கவிட்டாய்? உன்னிடம் கேட்டால் நீ அழுதுவிடுவாய், நானும் அழுதுவிடுவேன் என்றுதான் கேட்கவில்லை. இங்கே வந்து அந்தப் போர்வைக் கதையை யூசுப்பிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

என் சார்பில் வீட்டை வாங்கிப் பதிய ஸ்ரீநாத் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் கேட்டதும் கையெழுத்துப் போட்டேன். உன் புருஷனை நம்பாமல் யாரை நம்புவது?

யூசுப் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். "காலைல போனியா?" என்றான். இல்லை என்றேன். "குப்ப பாத்தியா?" என்றான். தரையில் ஒரு காகிதம்கூட இல்லை, அவ்வளவு சுத்தம் என்றேன். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். ராத்திரி தங்கிவிட்டுப் போ என்று நீயும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அது கொஞ்சம் உறுத்தியது. ஸ்ரீநாத்துக்கு ஆபீஸ் மீட்டிங் என்றாய், சரிதான்.

கோகுல்


நூம்பல்,
25 மே 2025

அன்புள்ள கோகுலுக்கு,

இந்தக் கடிதத்தை ஸ்ரீநாத்தான் பூந்தமல்லி போகும்போது தபாலில் சேர்க்கப்போகிறார். எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்தவர் கடிதம் படிக்கிற வயசு அவருக்கு!

எல்லோரும் சௌக்கியம். ஆடி பிறப்பதற்குள் ரிஜிஸ்டர் முடித்துவிட வேண்டும், ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள் என்கிறார் ஸ்ரீநாத். தை மாதம் வைத்துக்கொண்டால் என்ன, தம்பியும் பக்கத்தில் இருப்பானே என்று கேட்டேன். சிரிக்கிறார். எனக்கு உலகம் தெரியாதாம்.

இங்கே ஒரு சமாச்சாரம். ஏ பிளாக்கில் கண்ணம்மா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். தனி ஆள். பிள்ளையார் முன்னால் சத்தியம் பண்ணிவிட்டு, யாருக்கும் தெரியாமல் பாதி விலைக்குப் பேசி முடித்துவிட்டார். அந்த வாரமே அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோயிற்று. மோட்டார் ரிப்பேர் என்றார்கள். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. லிஃப்டில் அவர் ஏறினால் மற்றவர்கள் இறங்கிக்கொள்வார்கள். நானும் ஒருநாள் இறங்கிக்கொண்டேன். வாங்க வந்தவரும் மாமாவோடு பத்து நிமிஷம் பேசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். டீச்சர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அவர் கதவிலும் முருகன் படம் ஒட்டியாகிவிட்டது.

இதை எதற்கு எழுதினாய் என்கிறார் ஸ்ரீநாத். சும்மாதான். ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பார்வதம் அத்தை குடும்பத்தோடு லீவில் ஊருக்குப் போகும்போது சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போவாள். பொழுது சாய்ந்ததும் நீயும் நானும் போய் விளக்கைப் போட்டுவிட்டு வருவோம். கொடியில் நம் வீட்டுத் துணி இரண்டை எடுத்துப் போடுவோம். தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிற மாதிரியே இருக்கும். அதை நினைத்துக்கொள். நன்றாக நினைத்துப் பார்.

ஷர்மிளா


மஸ்கட்,
16 ஜூன் 2025

அக்கா,

தைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நீ எழுதியது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் பக்கத்தில் வருவது உனக்குப் பிடிக்கவில்லையா? கூப்பிட்டதும் நீதான், தள்ளிப் போடுவதும் நீதான். பந்தியில் உட்கார வைத்துவிட்டு எழுப்புகிற பழக்கம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. அந்த டீச்சர் கதையும் எனக்கு ரசிக்கவில்லை. நான் என்ன பாதி விலைக்கு விற்றுவிட்டு ஓடப்போகிறவனா? சாகிற வரைக்கும் இருக்கப்போகிறவன்.

கம்பெனியில் கணக்கு முடித்துவிட்டார்கள். ஜூலைக் கடைசியில் இங்கே அறையைக் காலி செய்ய வேண்டும். வருகிறதெல்லாம் வந்தாயிற்று. அப்படியே ஸ்ரீநாத் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். டீ செலவுக்கு மட்டும் கையில் வைத்திருக்கிறேன். ஸ்ரீநாத் இப்போது தினமும் போனில் பேசுகிறார். உன்னைவிட அவருக்குத்தான் என்மேல் அக்கறை.

கோபமாக ஆரம்பித்துவிட்டேன், மன்னித்துக்கொள். நீ சொன்ன மாதிரி பார்வதம் அத்தை வீட்டு விளக்கை நினைத்துப் பார்த்தேன். சுவிட்ச் எட்டாமல் என்னைத் தூக்கிப் பிடிப்பாயே! நீயும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்றதும் மனசு குளிர்ந்துபோயிற்று. நான் வருகிற வரைக்கும் என் வீட்டுக்கும் அப்படி விளக்குப் போட்டு வை. இருட்டு வீட்டுக்குள் நுழைய எனக்குப் பிடிக்காது.

கோகுல்


பூந்தமல்லி தபால் ஆபீஸ்,
3 ஜூலை 2025

கோகுல்,

ஸ்ரீநாத்துக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்து, இங்கே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டை வாங்காதே.

நீ பார்த்த விளக்கெல்லாம் நாங்கள் போட்டது. சி பிளாக்கில் குடியிருக்கிறது ஐந்தே குடும்பம். மற்ற வீடுகளின் சாவி ஜம்புலிங்கம் மாமாவிடம் இருக்கிறது. மாடிக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார். பொழுது சாய்ந்தால் நான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு காலி வீட்டுக்குள் போய் விளக்கைப் போடுகிறேன், துணியை நனைத்துப் பால்கனியில் காயப் போடுகிறேன், காலையில் எடுக்கிறேன். "பூட்டின ஊடு இருட்டாக் கெடந்தா மொத்த காம்பவுண்டுக்கும் வெல போயிடும்மா. நம்ம குவார்ட்டர்ஸ் பழக்கம்தானே இது" என்று சொல்லித்தான் மாமா இதை ஆரம்பித்தார். நாங்களும் தலையாட்டினோம். உள்ளே போனால் என் காலடி எனக்கே திரும்பக் கேட்கிறது. முருகன் படங்களை உரித்துப் பார், அடியில் பேங்க் ஜப்தி நோட்டீஸ் இருக்கும்.

நெய்வேலிக்காரர் என்று யாரும் இல்லை. அந்தப் போர்வையை நான்தான் அங்கே தொங்கவிட்டேன். நம் வீட்டுப் போர்வை ஏன் அந்நியர் பால்கனியில் தொங்குகிறது என்று நீ கேட்பாய், ஸ்ரீநாத் முன்னாலேயே கேட்பாய், எல்லாம் உடைந்துபோகும் என்று நினைத்தேன். நீ அன்பு என்று எடுத்துக்கொண்டாய். பார்வதம் அத்தை வீட்டைப் பற்றி எழுதினேன். அதையும் அப்படியே எடுத்துக்கொண்டாய். உன்னை என்னடா சொல்வது!

ஸ்ரீநாத்துக்குப் போன தீபாவளியோடு வேலை போய்விட்டது. தினமும் சட்டை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்காருகிறார், அவ்வளவுதான். பில்டர் மிச்ச வீடுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளுகிறான். எங்கள் வீடு வாங்கின விலையில் பாதிகூடப் போகாது. ஆனால் உன் வீடு ஆறாயிரத்துக்குப் பதிவானால், அந்தப் பத்திரத்தைக் காட்டி எங்கள் வீட்டைப் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு அதே விலைக்குத் தள்ளிவிடலாம். அவர் நேரில் பார்க்காமலே வாங்குகிறவர். அதுதான் ஏற்பாடு. பிறகு ஓசூரில் ஸ்ரீநாத்தின் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். உன் பக்கத்து வீட்டில் நான் இருக்கப்போவதில்லை.

பவரை ரத்து பண்ணு. பணத்தைத் திருப்பிக் கேள். என்னை எப்படித் திட்டினாலும் திட்டு. ஓசூர் விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அக்கா


நூம்பல்,
14 செப்டம்பர் 2025

அக்கா,

உன் கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. வழக்கத்தைவிட ஒரு வாரம் தாமதித்து, நான் மஸ்கட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. யூசுப் பிரிக்காமல் எடுத்து வைத்திருந்து, ஊருக்கு வந்த ஆள் ஒருவனிடம் கொடுத்து அனுப்பினான். இந்த வீட்டு ஹாலில் தரையில் உட்கார்ந்து படித்தேன். ரிஜிஸ்டர் ஆனது ஜூலை இரண்டாம் வாரம். நான் வந்து இறங்கியபோது உன் கதவில் பூட்டுத் தொங்கியது. "டிரான்ஸ்பர்பா அவங்களுக்கு" என்றார் ஜம்புலிங்கம் மாமா. போர்வை மட்டும் என் கதவுக் கைப்பிடியில் மடித்து மாட்டியிருந்தது.

ஒரே ஒரு கேள்வி. கடிதம் மஸ்கட்டுக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். ஆடிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஸ்ரீநாத் தினமும் என்னோடு பேசின போன் உன் வீட்டு மேஜைமேல்தான் கிடந்திருக்கும். தபால் ஆபீஸ் வாசலில் நிற்கிற யாரிடமாவது ஒரு நிமிஷம் போன் வாங்கியிருக்கலாம். ரிஜிஸ்டர் ஆபீஸ் படியில் வந்து நின்றிருக்கலாம். நீ கடிதம் எழுதினாய். சொல்லிவிட்டேன் என்று உன் மனசுக்கு ஆகிவிட வேண்டும், சொன்னது எனக்குக் கிடைக்கவும் கூடாது. சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாய். அன்றைக்கு இலையிலிருந்து எழுப்பினாய். இப்போது இலையையே எடுத்துவிட்டாய். எரிகிறது அக்கா, சொல்லத் தெரியவில்லை.

வந்த மறுநாள் காலையில் கீழே இறங்கினேன். ஒரு கதவிலும் பால் பை இல்லை. குப்பை வண்டி வந்தது, துலுக்கானம் ஒரு சின்னப் பையைத் தூக்கிப் போட்டான், வண்டி போய்விட்டது. என்னைப் பார்த்து, "நீயும் மாட்டிக்கினியா அண்ணாத்தே?" என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

விற்றுவிடலாம் என்று வேலப்பன்சாவடி புரோக்கரிடம் போனேன். பெயரைக் கேட்டதும், "அந்த காம்பவுண்டா? டீ சாப்புடு சார், போய்ட்டு வா" என்றான். அவனிடம் போனது அன்று சாயங்காலத்துக்குள் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் என் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேராம்.

நாலு நாள் கழித்து மாமா வந்தார். கையில் சாவிக்கொத்து. "கோவிச்சிக்காதப்பா. எல்லாரும் இப்பிடித்தான் வந்தோம். நீயும் ஒரு ஆளக் கொண்டா, அந்தப் பத்திரத்தக் காட்டி உன் ஊட்டயும் தள்ளி நானே உன்ன அனுப்பி வெக்கிறேன்" என்றார். கொத்தை வாங்கிக்கொண்டேன். அதில் உன் வீட்டுச் சாவியும் இருக்கிறது. அதை வாங்கின பெங்களூர்க்காரர் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, நல்ல விலை வந்தால் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறாராம். சாவி வாங்கின அன்றே தண்ணீர் வந்துவிட்டது.

முதல் நாள் உன் வீட்டுக்குள் போகக் கால் வரவில்லை. சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி அப்படியே இருக்கிறது. விளக்கைப் போட்டேன். என் சட்டைகளை நனைத்து உன் பால்கனியில் தொங்கவிட்டேன். இப்போது பழகிவிட்டது.

யூசுப்புக்கும் டிசம்பரோடு வேலை முடிகிறது. பூந்தமல்லியில் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார், சபீனா பெண்களை வைத்துக்கொண்டு அல்லாடுகிறாள். நேற்று அவனுக்கு எழுதினேன். பக்கத்து வீடு விலைக்கு வருகிறது, தண்ணீர் நல்ல தண்ணீர், ஜன்னலைத் திறந்தால் காற்று ஃபேனே வேண்டாம் என்கிறது, சுற்றிலும் நம் ஆட்கள்தான் என்று. சின்னவள் சைக்கிள் ஓட்டக் கீழே இடம் இருக்குமா என்று கேட்பான். நிறைய இருக்கிறது என்று அதையும் எழுதிவிட்டேன்.

என் மாதிரி அவன் ஏமாற மாட்டான். சாயங்காலம் வர மாட்டான், காலையில்தான் வருவான். அதனால் துலுக்கானத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன். யூசுப் வருகிற அன்று மூன்றாம் மாடி முழுக்கக் கதவுக்குக் கதவு பால் பை தொங்கும். சென்னீர்குப்பம் ஓட்டலிலிருந்து இரண்டு மூட்டை எச்சில் இலையும் காய்கறித் தோலும் வந்துவிடும், தொட்டி நிரம்பி வழிகிற மாதிரி. மாமாவுக்கே இது தோன்றவில்லையாம். முதுகில் தட்டிக் கொடுத்தார்.

போர்வையை மட்டும் எங்கேயும் தொங்கவிட மாட்டேன். அந்தச் சிவப்பு ஒட்டு யூசுப்புக்குத் தெரியும். மடித்துப் பரணில் உள்ளே தள்ளி வைத்துவிட்டேன்.

கோகுல்